சம்பளத் துண்டும் ஒரு பாடநூலே

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. இந்த அளக்கும் வித்தையைப் பிள்ளைகள் எங்கே கற்கின்றனர் என்று கேட்டால், பள்ளிக்கூடத்திலே என்று நாம் தயங்காது விடை கூறுவோம். அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

நம் நாட்டிற் பொருளியல் தனிப் பாடமாக வருவது உயர்தர வகுப்பிலேதான்; அதுவும் வர்த்தகப் பிரிவைத் தேர்ந்தெடுப்போர்க்கே பெரும்பாலும் கிட்டுகின்றது. 10ஆம், 11ஆம் தரங்களில் வணிகமும் கணக்கீடும் உண்டெனினும், அது விரும்பினோர் மட்டும் கற்கும் பாடம். கூட்டு வட்டியும் பங்குச் சந்தையும் கணித நூலில் எல்லோருக்கும் உள்ளன. ஆயினும் என்ன? வட்டிக் கணக்கிற் சரியான விடை எழுதும் மாணவனிடம் அவனுடைய தாயாரின் சம்பளத் துண்டைக் கொடுத்து விளக்கம் கேட்டால், அவன் மௌனம் சாதிக்கின்றான். நமுனுகுல மலைச் சாரலில், ஸ்பிரிங்வெளியிலும் அதனை அடுத்த தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இம்மௌனம் நட்டத்தையே தருகின்றது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்திற்கு ஒரு தாய் மாதத்தில் 20 நாட்கள் வேலை செய்தால் வருவது 27,000 ரூபா. இதில் 8 வீதம், அதாவது 2,160 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்காகப் பிடிக்கப்படும். "பிடித்துவிட்டார்கள்" என்று வருந்துவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். தொழில் கொள்வோர் தம் பங்காக 12 வீதம், அதாவது 3,240 ரூபா, அதனுடன் சேர்த்துச் செலுத்தவேண்டும் என்பதையும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு மேலும் 3 வீதம், 810 ரூபா, அவர்களே செலுத்தவேண்டும் என்பதையும் அறிந்தோர் எத்தனை பேர்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வழங்கிய உரிமை முன்னையது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழங்கியது பின்னையது. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். கூலி மாறினாலும் இக்கணக்கின் முறை மாறாது. பணம் உரிய கணக்கிற் சேர்ந்ததா என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பது பெற்றோர்க்கு எத்துணைப் பாதுகாப்பு!

அடுத்த பாடம் விலைவாசி. 2021 மார்ச்சில் நாட் கூலி 1,000 ரூபாவாயிற்று. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, பொருட்களின் விலை ஓராண்டில் 69.8 வீதம் ஏறியிருந்தது. கூலி அதே 1,000 ரூபாதான். ஆனால் முந்திய ஆண்டில் ஏறக்குறைய 589 ரூபாவுக்கு வாங்கக்கூடிய பொருளையே அது வாங்கிற்று. பணக் கூலி வேறு, மெய்க் கூலி வேறு என்று பொருளியலார் சொல்வது இதனைத்தான். பாணுக்கும் கோதுமை மாவுக்கும் அலைந்த அந்நாட்களை நேரிற் கண்ட பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்த நூலில் உண்டு?

மூன்றாவது கடன். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் அற்பமாகத் தோன்றும். கட்டாமல் விட்ட வட்டி முதலுடன் சேர்ந்தால், 10,000 ரூபா ஓராண்டில் ஏறக்குறைய 17,960 ரூபாவாக வளர்ந்து நிற்கும். அடகுச் சீட்டை வாங்கும் முன்பும், கடனுக்குக் கையொப்பம் இடும் முன்பும் செய்யவேண்டிய கணக்கு இது.

மலையக மக்கள் இப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்தே கற்றனர். அன்று கங்காணியிடம் முற்பணம் பெற்றுக் கடலைக் கடந்தோர், கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டகல இயலாதிருந்தனர். தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதனைத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டுக்கும் 'துண்டு' என்றே பெயர். அம்முறை 1921இல் சட்டத்தினால் ஒழிந்தது. பாட்டனைக் கட்டிவைத்த துண்டில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பாட்டன் அறியார். பேரனின் கையிலுள்ள துண்டை வாசிக்கப் பேரனுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஏழையின் வறுமைக்குக் காரணம் கணக்குத் தெரியாமையே என்று நாம் கூறவில்லை. குறைந்த கூலியில் மிச்சம் பிடிக்கத் தெரிந்த நம் தாய்மாருக்குச் சிக்கனத்தைப் போதிக்க எவருக்கும் தகுதியில்லை. வீட்டுக் கணக்கு, இருப்பதைக் காக்கக் கற்பிக்கும். பொருளியலோ, இருப்பது ஏன் போதவில்லை என்று கேட்கக் கற்பிக்கும். மாணவர்க்கு இரண்டும் வேண்டும்.

ஆசிரியர்கள் அடுத்த வட்டிக் கணக்கைக் கற்பிக்கும்போது, பெயரின்றி எழுதப்பட்ட ஒரு சம்பளத் துண்டைக் கரும்பலகையில் எழுதலாம். எந்தப் பிள்ளையின் வீட்டு வறுமையும் வகுப்பிற் காட்சிப்பொருளாகலாகாது. மாணவச் செல்வங்களோ, ஒரு மாத காலத்திற்கு வீட்டின் வரவு செலவைப் பெற்றோருடன் அமர்ந்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். கடைக்காரரின் கொப்பியில் மட்டும் நம் கணக்கு இருத்தல் போதாது. நம் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கவேண்டும்.