அதான் யூட்யூப்ல இருக்கே!

ஆவணப்படம், குறும்படம், மாற்று சினிமா என்று யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே வந்து விழுகிற பதில் இது. திருமானூர் மாதிரி ஒரு ஊரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போடலாமே என்று கேட்டாலும் இதே பதில்தான். “ஆளுக்கொரு போன் இருக்கு, நெட் இருக்கு. வேணுங்கிறவன் பாத்துக்குவான், ஒனக்கென்ன?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லையே. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு படம் போட வேண்டியவர்கள் போடாமல் இருக்கிறார்கள், அனுமதி தர வேண்டியவர்கள் தராமல் இருக்கிறார்கள், பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வசதி!

இணையம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே செய்திருக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற ஊர் திருமானூர். பாலம் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம், இந்தப் பக்கம் போனால் அரியலூர். இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே இருந்த ஒருவருக்கு ஆவணப்படம் பார்க்கும் ஆசை வந்திருந்தால் சென்னைக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்.பி.அமுதன் 1998இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவுக்காக மதுரைக்குப் போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் யாரோ ஒரு தோழர் பையில் வைத்திருக்கும் குறுந்தகடு கைமாறி வரும்வரை காத்திருக்க வேண்டும். 2005இல் யூட்யூப் வந்த பிறகும் சில வருடம் ஒரு படத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டித்தான் ஏற்ற முடிந்தது. மூன்றாம் துண்டு இருக்கும், நாலாவது இருக்காது! 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகுதான் முழுநீளப் படத்தை போனில் பார்ப்பது சாதாரணமானது.

இன்றைக்கு அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரமோத் பதி 1968இல் எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’ பார்க்கலாம். கதை கிடையாது, வசனம் கிடையாது, படமும் சத்தமும் வெட்டி வெட்டி ஓடும். “இதெல்லாம் ஒரு படமா” என்று முதலில் தோன்றும், பிறகு இன்னொரு முறை பார்க்கத் தோன்றும். எஸ்.என்.எஸ்.சாஸ்திரியின் ‘ஐ ஆம் 20’ (1967) பார்க்கலாம். சுதந்திரம் கிடைத்த 1947இல் பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, இருபது வயதில் இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்ட படம். இரண்டையும் தயாரித்தது அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன். ஆமாம், டூரிங் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயமாக ஓட்டிய செய்திப்படங்களை எடுத்த அதே பிலிம்ஸ் டிவிஷன்தான். மந்திரி அணைக்கட்டைத் திறந்து வைப்பதைக் காட்டும்போது ஜனங்கள் எழுந்து முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். அந்த அலுவலகத்துக்குள்ளேயே இப்படியும் சிலர் இருந்தார்கள் என்பதை ஊர்ப்பக்கத்து மாணவர்களுக்குக் காட்டியது இணையம்தான்.

சரி, அப்படியானால் சண்டை எங்கே? ‘கக்கூஸ்’ படத்துக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும்.

கையால் மலம் அள்ள வைப்பதற்கு 1993இல் ஒரு சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். இரண்டும் ஏட்டில் இருக்கும்போதே தமிழ்நாடு முழுக்க யார் அள்ளுகிறார்கள், எந்த சாதிக்காரர்கள் அள்ளுகிறார்கள், யார் அள்ளச் சொல்கிறார்கள் என்று தொழிலாளர்களையே பேசவிட்டு 2017இல் படம் எடுத்தார் மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி. பல ஊர்களில் போலீஸ் அதைத் திரையிட விடவில்லை. மண்டபக்காரர்கள் பயந்தார்கள். வேறு வழியில்லாமல் யூட்யூபில் ஏற்றினார். அதே 2017 ஜூலையில், 2009இல் மாணவியாக இருந்தபோது கலந்துகொண்ட ஒரு போராட்டம் தொடர்பான பழைய வழக்கில் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வெளியே வந்தார். எட்டு வருடம் தூங்கிய வழக்கு சரியாக அந்த நேரத்தில் விழித்துக்கொண்டது!

இதை இணையத்தின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். பாதி உண்மை. மண்டபத்தில் தடுத்த படத்தை போனில் தடுக்க முடியவில்லை, வாஸ்தவம். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஒரே படம், ஒரே காட்சிகள், ஒரே வசவுகள். போனில் ஓடும்போது சும்மா இருந்த போலீஸ், மண்டபத்தில் மட்டும் ஏன் வந்து நின்றது?

அதே 2017இல் கேரளாவிலும் இது நடந்தது. அங்கே மாநில அரசின் சலச்சித்ர அகாடமி நடத்துகிற சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தணிக்கை விலக்கு தர மறுத்தது. ஒன்று ரோஹித் வெமுலா பற்றியது, ஒன்று ஜே.என்.யூ. பற்றியது, ஒன்று காஷ்மீர் பற்றியது. இதில் காஷ்மீர் படமான ‘இன் தி ஷேட் ஆஃப் ஃபாலன் சினார்’ ஏற்கெனவே யூட்யூபில் கிடைத்துக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் வீட்டில் பார்க்கலாம். ஆனால் திருவனந்தபுரத்தில் ஒரு அரங்கில் நாலு வரிசை ஆட்கள் சேர்ந்து பார்க்கக் கூடாது!

அரசாங்கத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, போன் வேறு அரங்கம் வேறு என்று. தெரியாதது “அதான் யூட்யூப்ல இருக்கே” என்பவர்களுக்குத்தான்.

போனில் பார்க்கிறவர் தனியாகப் பார்க்கிறார். நெஞ்சு அடைத்தால் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தட்டுகிறார். மிஞ்சிப் போனால் நாலு பேருக்கு அனுப்புகிறார், அந்த நாலு பேரும் திறப்பதில்லை. அரங்கில் அப்படி இல்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். சாக்கடை அள்ளுகிறவரும் அவரை அள்ளச் சொல்கிறவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். யாராவது ஒருவர் எழுந்து “நம்ம ஊர்லயும் இதானே நடக்குது” என்று சொல்லிவிடலாம். போலீஸ் வந்தது படத்தைத் தடுக்க இல்லை, அந்த ஒரு வாக்கியத்தைத் தடுக்க.

இதற்குக் கையில் இருக்கிற கருவி 1952ஆம் வருடத்து சினிமாட்டோகிராஃப் சட்டம். பொதுவில் காட்டுகிற படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் ஏற்றுவதற்கு இப்படி முன்சான்றிதழ் எதுவும் தேவையில்லை. கல்யாண மண்டபத்தில் முப்பது பேர் என்றால் சான்றிதழ், போனில் மூன்று லட்சம் பேர் என்றால் வேண்டாம். எந்தத் தர்க்கத்தில் இது சேர்த்தி? காசு வாங்காமல் நடத்துகிற திரையிடல்களை இந்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். “அப்படிச் செய்தால் கலவரம் மூட்டுகிற படத்தையும் போடுவார்களே” என்பார்கள். போடுவார்கள்தான். இப்போதும் போனில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கலவரமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வன்முறையைத் தூண்டுகிறவனைப் பிடிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. அதற்காக ஊரில் ஒரு புரொஜெக்டர் எரிவதற்கு முன்பே கையைப் பிடிக்கத் தேவையில்லை.

முறையாகச் சான்றிதழ் வாங்கலாமே என்றால், அந்த வழியும் குறுகிக்கொண்டுதான் வருகிறது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றி லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’ படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தபோது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான் 2011இல் வெட்டில்லாமல் அனுமதித்தது. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம். கடன் வாங்கிக் குறைந்த காசில் படம் எடுத்தவர் வக்கீலுக்கு எங்கே போவார்?

இன்னொரு பக்கம், இணையத்தையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. அயோத்திப் பிரச்சாரம் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘ராம் கே நாம்’ தணிக்கையில் ‘யு’ சான்றிதழ் வாங்கிய படம். தேசிய விருதும் வாங்கியது. கோர்ட் படியேறி தூர்தர்ஷனிலும் ஒளிபரப்ப வைத்தார். குழந்தைகளும் பார்க்கலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திய இந்தப் படத்துக்கு 2019இல் யூட்யூப் வயதுக் கட்டுப்பாடு போட்டது! 2023 ஜனவரியில் குஜராத் பற்றிய பி.பி.சி. ஆவணப்படத்தின் இணைப்புகளை நீக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டதும் அவை மறைந்தன. அப்போது பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் என்ன செய்தார்கள்? இறக்கி வைத்ததை லேப்டாப்பிலும் திரையிலும் போட்டுக் கூட்டமாகப் பார்த்தார்கள். இணையம் கைவிட்டதும் கை கொடுத்தது பழைய முறைதான்.

தடையே இல்லாவிட்டாலும், பெயர் தெரியாத படத்தை எப்படித் தேடுவது? தேடுகிற பெட்டியில் எதையாவது தட்ட வேண்டுமே. நேற்று பார்த்தது மாதிரியே இன்றைக்கும் கொடுப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. நகைச்சுவைத் துணுக்கு பார்த்தவருக்கு நகைச்சுவைத் துணுக்கு. ‘பீ’ என்று 2003இல் ஒரு படம் வந்தது, மதுரைத் தெரு ஒன்றைக் கழுவும் ஒரு பெண்ணை அரை மணி நேரத்துக்கும் குறைவாகப் பின்தொடர்கிற அமுதன் படம் என்று இயந்திரம் தானாக வந்து சொல்லாது. ஒரு மனுஷன்தான் சொல்ல வேண்டும்.

குறும்படம் பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குனர்’ வந்ததிலிருந்து தமிழில் குறும்படம் என்றாலே கோடம்பாக்கத்துக்குப் போகிற விசிட்டிங் கார்டு என்றாகிவிட்டது. நல்ல இயக்குநர்கள் வந்தார்கள், சந்தோஷம். ஆனால் பத்து நிமிடப் படம் பத்து நிமிடப் படமாகவே இருப்பதற்காக எடுக்கப்படுவது அரிதாகிவிட்டது. அது தனிச் சண்டை.

“ஊர்ல போட்டா யாரு வருவா?” இதுதான் கடைசி ஆயுதம். கேரளாவில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவும் ஊர் ஊராகப் போய் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சில்லறை வசூலித்து, அந்தக் காசில் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். எடுத்ததை மறுபடி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். குஜராத் 2002 பற்றிய ‘ஃபைனல் சொல்யூஷன்’ படத்துக்கு 2004இல் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது ராகேஷ் சர்மா, இலவசமாகத் தருகிறேன், ஐந்து பிரதி போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடு என்றார். அந்த வருடக் கடைசிக்குள் சான்றிதழ் வந்தது. யூட்யூப் பிறப்பதற்கு முந்தின கதை இது.

திருமானூர்க்காரர்கள் கொள்ளிடத்து மணலுக்காகப் போராடியவர்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளத்தையும் சிமெண்ட் லாரிப் புழுதியையும் தினம் பார்க்கிறவர்கள். உலகம் முழுக்க மணல் எப்படிக் கொள்ளை போகிறது என்று காட்டுகிற ‘சாண்ட் வார்ஸ்’ (2013) இவர்களுக்கு ஏன் புரியாது? புரியாமல் போவது தனியாக போனில் பார்க்கும்போதுதான். அந்நிய மொழியும் ஆங்கில எழுத்தும் ஓடினால் இரண்டாவது நிமிடம் மூடிவிடுவார்கள். கூட்டத்தில் போட்டால் ஒருவர் மைக்கைப் பிடித்து, அங்கங்கே நிறுத்தி, தமிழில் சொல்லிவிடலாம். ஒரு வாடகை புரொஜெக்டர், ஒரு வேட்டி, ஊர் மைக்செட் போதும். எடுத்தவரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். உண்டியல் வைத்தால் விழுந்ததை அவருக்கு அனுப்புங்கள். யூட்யூபில் பார்ப்பதால் அவர் அடுப்பு எரிவதில்லை.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பந்தல் இருக்கும், நாற்காலி இருக்கும், மைக்செட் இருக்கும், அதிகாரிகளும் இருப்பார்கள். அன்று சாயங்காலம் அதே இடத்தில் மணல் படம் போட அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பார்க்கட்டும். கொடுத்தால் படம் ஓடும். மறுத்தால் அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். போனில் பார்க்கலாம், பந்தலில் பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் என்ன என்று கையெழுத்துப் போட்டு யாராவது ஒருவர் எழுதித் தர வேண்டியிருக்கும்.