இன்னொரு கதவையும் தட்டுங்கள்



பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாகப் பிணியுற்றுக் கிடந்த ஒருவரைப் பற்றி யோவான் நற்செய்தி கூறுகின்றது. நலம் பெற விருப்பமா என்று இயேசு வினவியபோது, தம்மைக் குளத்தில் இறக்கிவிட எவருமில்லை என்றே அவர் முறையிட்டார். குடிநோயின் பிடியில் கிடப்பவரின் முறைப்பாடும் பெரும்பாலும் இதுவே.

நம் மக்கள் இந்நோய்க்கு வழமையாகத் தேடும் மருந்து சத்தியம். மடு அன்னையின் திருமுன் மெழுகுதிரி ஏற்றி, இனித் தொடேன் என்று வாக்களிப்பார்கள். அந்நேரத்துக் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் வீடு திரும்பும் வழியில் அதே தவறணை இருக்கின்றது, அதே நண்பர்கள் நிற்கிறார்கள். வாக்களித்தவரோ தனியாக நடக்கிறார். அவர் விழுந்ததும் சத்தியத்தை மீறியவர் என்ற பழியும் சேர்ந்துகொள்ள, கோவில் வாசலை மிதிக்கவே கூசுகிறார்.

1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரிலுள்ள ஹோட்டல் ஒன்றில் நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் தனித்து நின்றார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுச்சாலையின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து அவ்வூர்க் குருவானவர் ஒருவரை அழைத்தார். அக்குருவானவர் மறையுரை ஆற்றவில்லை. தொடர்புகொள்ளக்கூடிய சிலரின் பெயர்களைக் கொடுத்தார். (என் போன்றோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.) அவ்வழியே குடியால் சீரழிந்துகொண்டிருந்த வைத்தியர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடங்களே இருப்பேன் என்று வந்த வைத்தியர் மணிக்கணக்காக அமர்ந்து பேசினார். அச்சந்திப்பிலிருந்து பிறந்ததே ஏ.ஏ. என்று சுருக்கமாக அறியப்படும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைப் பரிசீலித்து, குடியை முற்றாக விட்டிருப்பதற்கு இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, பல வேளைகளில் மேலானது என்று கண்டது.

அங்கே கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. திறந்த கூட்டங்களுக்கு மனைவியோ சகோதரரோ உடன் செல்லலாம். மூடிய கூட்டங்கள் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் நாள் பேச வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

இருப்பினும் ஒரு முறை சென்று, பொருந்தவில்லை என்று நின்றுவிடுவோர் பலர். மொழி புரியாதிருக்கலாம். தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு வெட்கியிருக்கலாம். அங்கே இயேசுவின் பெயர் உச்சரிக்கப்படவில்லையே என்று நம்மவர் சிலர் தயங்குவதும் உண்டு. எல்லாச் சமயத்தவரும், சமயமற்றவரும் ஒன்றாய் அமர வேண்டும் என்பதற்காகவே கடவுளை அவரவர் அறிந்த விதத்தில் அழைக்க அங்கே இடம் விட்டார்கள். 1939இல் அக்ரன் புனித தோமையார் வைத்தியசாலையில் குடிநோயாளருக்குப் படுக்கை தேடிக்கொடுத்த அருட்சகோதரி இக்னேஷியாவுக்கோ, பில் வில்சனின் ஆன்மீக நண்பராயிருந்த இயேசு சபைக் குரு எட்வேர்ட் டௌலிங்குக்கோ அதனால் விசுவாசம் குன்றிவிடவில்லை.

ஆதலால் ஒரு கூட்டத்தைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்ப்பிட வேண்டாம். ஐந்தாறு முறை, வெவ்வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். பேச்சு அழகாக இருந்ததா என்று நோக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் குடியாதிருப்போர் அங்கே உண்டா? கூட்டம் கலைந்தபின் எவரேனும் தம் தொலைபேசி இலக்கத்தைத் தந்தாரா? உண்மையை உங்கள் வாயால் சொல்லலாம் போல் தோன்றிற்றா? அப்படியாயின் அதுவே உங்கள் இடம். பணம் கேட்பவரோ, வைத்தியர் தந்த மருந்தை எறியச் சொல்பவரோ இருந்தால் அங்கிருந்து எழுந்து வாருங்கள். பெண்களும் குடிநோய்க்கு உள்ளாகிறார்கள், நம் சமூகம் அதை மூடி மறைத்தாலும். ஆண்கள் நிறைந்த அறை அவர்களுக்கு ஏற்காவிடின், 2020இன் பின் பெருகியுள்ள இணையவழிக் கூட்டங்களில் பெண்களுக்கென்றே நடப்பவை உண்டு.

மிக முக்கியமான ஒன்று. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம், உயிரும் போகலாம். ஞாயிறன்று எடுத்த சத்தியம் செவ்வாயன்று வலிப்பில் முடிவதற்கு இடமளிக்காதீர்கள். முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தை அதனோடு சேர்த்துத் தேடுங்கள்.

எங்கள் ஊரில் கூட்டமே இல்லையே என்பீர்கள். இருவர் அல்லது மூவர் குடியை விடவென ஒன்றுகூடினால் அதுவே ஒரு குழு என்பது அவர்களது மரபு. அந்த இருவருக்கும் தேவைப்படுவது ஓர் அறை. பங்குச் சபையினரே, வாரத்தில் ஒரு மாலை மண்டபத்துத் திறப்பை அவர்களிடம் கொடுங்கள். சிறு தொகை வாடகையாகத் தந்தால் மறுக்க வேண்டாம்; தங்கள் செலவைத் தாங்களே சுமப்பது அவர்களது வழக்கம். யார் யார் வந்தார்கள் என்று வாசலில் நின்று பார்க்கவும் வேண்டாம்.