செய்கூலியும் சேர்ந்த விலை

உலகப் புகழ்பெற்ற உணவகம் ஒன்றில் ஒருவேளை உண்பதற்கு ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டால், அப்படி என்னதான் இலையில் வைத்தார்கள் என்று விசாரிப்பதற்கு முன்பே, ஒருவேளைச் சாப்பாட்டுக்கா இவ்வளவு பணம் என்ற கேள்வி நம்மில் பெரும்பாலோருடைய வாயில் வந்துவிடும். பட்டுப் புடவைக்கும் வைரத் தோட்டுக்கும் அதைப்போலப் பன்மடங்கு கொடுப்பதை நியாயமென்று ஒப்புக்கொள்கிற மனம், சோற்று விஷயம் வந்தவுடன் கையை இறுக மூடிக்கொள்கிறது. இதைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்ன விக்கிரயமே பாபம் என்று நம்பி, வழிப்போக்கனுக்குச் சத்திரத்தில் இலை போட்டு உபசரித்த ஒரு சமூகத்தின் நெடுங்கால சம்ஸ்காரம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆயினும் அது பாதிக் கேள்விதான் என்பதும், மற்றப் பாதியையும் கேட்டுப் பார்த்தால் அந்த நாற்பதாயிரம் அதிகமென்று படுவதற்குப் பதிலாகப் போதவில்லை என்றே படும் என்பதும் என் அபிப்பிராயம்.

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையில், கத்தலோனியாவைச் சேர்ந்த ரோசஸ் என்னும் கடற்கரை ஊருக்கு அப்பால், காலா மொன்ஜோய் என்று ஒரு சிறு வளைகுடா இருக்கிறது. 1961-ஆம் ஆண்டில் ஜெர்மன் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே மினி கோல்ப் விளையாட்டுத் திடல் ஒன்றைப் பொழுதுபோக்காக ஆரம்பித்தார்கள். அது நாளடைவில் சிற்றுண்டிச் சாலையாகி, பிறகு எல் புல்லி என்ற உணவகமாயிற்று. 1984-இல் அங்கே சமையற்காரராக வந்து சேர்ந்த ஃபெரான் அட்ரியாவின் காலத்தில், மிஷ்லின் வழிகாட்டி நூலின் உச்ச மரியாதையான மூன்று நட்சத்திரங்களை 1997-இல் பெற்று, உலகத்திலேயே தலைசிறந்த உணவகம் என்று 2002-லும் 2006 முதல் 2009 வரை தொடர்ந்தும் பட்டியலிடப்பட்டது. வருஷத்தில் ஆறு மாதமே அது திறந்திருக்கும். இரவு ஒருவேளைதான் பந்தி. அதிலும் ஏறக்குறைய ஐம்பது பேருக்குத்தான் இடம். ஒரு பருவத்தின் எண்ணாயிரம் இடங்களுக்கு இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்று சொல்லுவார்கள்.

அங்கே 2005-இல் தோன்றிய பண்டம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பச்சை ஆலிவ் காய்களை அரைத்து, துணியில் இட்டுப் பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சாற்றில் கால்சியம் உப்பைக் கரைத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளைக் கலந்த நீரில் ஒவ்வொரு கரண்டியாக மெல்ல நழுவ விடுவார்கள். சாறு நீரைத் தொட்ட மாத்திரத்தில், முட்டையின் உள்தோலைப் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று அதைச் சூழ்ந்துகொள்ளும். உருண்டையாக, பச்சையாக, அசல் ஆலிவ் காயைப் போலவே அது மிதக்கும். அவற்றைப் பூண்டும் வாசனைத் தழைகளும் ஊறிய எண்ணெயில் போட்டு, கண்ணாடி ஜாடியோடு மேஜைக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒன்றாகக் கரண்டியில் எடுத்து வைப்பார்கள். நாக்கில் வைத்து அழுத்தியதும் சவ்வு உடைந்து, ஆலிவின் சுவை முழுவதும் ஒரே கணத்தில் வாயெங்கும் பரவும். நீரில் இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கிடந்துவிட்டால் காரியம் கெட்டது. அந்த ஒரு வாய்ப் பண்டத்தைப் போல முப்பதுக்கும் மேற்பட்டவை ஓர் இரவில் ஒவ்வொருவருக்கும் வரிசையாக வரும்.

இவ்வளவு கைவேலையும் செய்வதற்கு, ஐம்பது பேர் உண்ணும் அந்த இடத்தில் ஏறக்குறைய நாற்பது சமையற்காரர்கள் இருந்தார்கள். கடைசி வருஷங்களில் ஒருவேளை விருந்துக்கு 250 யூரோ அளவில் வாங்கியும், உணவகம் நஷ்டத்திலேயே நடந்தது. புத்தகங்கள், சொற்பொழிவுகள், கம்பெனிகளுக்குச் சொன்ன ஆலோசனைகள் ஆகியவற்றின் வருமானம்தான் அதைத் தாங்கிற்று. 2011 ஜூலை 30-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். அங்கே பரிமாறப்பட்ட பண்டங்களின் எண்ணிக்கையான 1846-ஐயே பெயரில் தாங்கி, அதே கட்டிடம் 2023 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அந்த நாற்பது பேரில் பெரும்பாலோர் சம்பளமில்லாத பயிற்சியாளர்கள். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள், அவ்வளவே.

நகைக்கடையில் பவுன் விலையைக் கேட்டவுடன், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று அடுத்தபடியாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். இத்தகைய உணவகத்தின் பில்லையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால், ஆலிவும் எண்ணெயும் உப்பும் அதில் அற்பம். ஏறக்குறைய முழுவதும் செய்கூலி. அந்தச் செய்கூலியிலேயே பெரும் பகுதியைச் செய்தவனுக்குக் கொடுக்காமல் விட்டும் கணக்கு நேராகவில்லை என்றால், உண்டவர் கொடுத்த விலை அதிகம் என்று எப்படிச் சொல்வது? மிச்சத்தை, அடுப்படியில் நின்ற வாலிபர்களும் யுவதிகளும் தங்கள் உழைப்பாகக் கொடுத்தார்கள்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. எல் புல்லியில் வேலை பார்த்தவரான ரெனே ரெட்செபி, 2003-இல் துறைமுகத்துப் பழைய பண்டகசாலை ஒன்றில் நோமா என்ற உணவகத்தின் சமையலறைப் பொறுப்பை ஏற்று, வட ஐரோப்பிய மண்ணில் விளைவதைக் கொண்டே சமைப்பது என்ற விரதத்தைக் கடைப்பிடித்தார். எலுமிச்சை அங்கே விளையாது என்பதால் எறும்பின் புளிப்பை உபயோகிக்கும் அளவுக்கு அதில் பிடிவாதமாக இருந்தார். ஐந்து முறை உலகின் முதல் உணவகம் என்று பெயர் வாங்கியது நோமா. தலைக்கு 500 டாலருக்குக் குறையாத விருந்து. இந்தியாவிலிருந்து அங்கே பயிற்சிக்குப் போன பெண் ஒருவர், தாம் இருந்த மூன்று மாதமும் பழக்கூழை மெல்லிய தகடாக உலர்த்தி, அதைத் துண்டு துண்டாகச் சேர்த்து வண்டு உருவங்கள் செய்ததையும், அந்த வேலையைப் பேசாமல், சிரிக்காமல் செய்ய வேண்டியிருந்ததையும் பின்னால் பத்திரிகைக்குச் சொன்னார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

கண்டனங்கள் எழுந்த பின்னர், 2022 அக்டோபரில் நோமா தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. மாதச் செலவு குறைந்தது 50,000 டாலர் ஏறியதாகச் செய்தி வந்தது. மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்தப்போவதாக ரெட்செபி அறிவித்தார்; ஏறக்குறைய நூறு பேருக்கு நியாயமான ஊதியமும் கொடுத்து, தரத்தையும் காத்து, சந்தை தாங்கக்கூடிய விலைக்கு விற்பது சாத்தியமில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதத்தில் ஆயிரம் பேரே உண்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த 50,000 டாலர் தலைக்கு 50 டாலராகிறது. விமானமேறிக் கடல் கடந்து வந்து, 500 டாலர் கொடுத்து உண்ண மேஜைக்குக் காத்திருப்பவர், 550 என்றால் திரும்பிப் போய்விடுவாரா? பயிற்சியாளர் சம்பளம் செலவினங்களில் ஒன்று மட்டுமே என்பது வாஸ்தவம். ஆனாலும் உலகத்தின் முதல் உணவகத்துக்கே அந்த ஒன்றை விலையில் சேர்க்க இத்தனை காலமாயிற்று என்பதை எளிதில் மன்னிக்க இயலாது.

இதற்குச் சமாதானமாகக் குருகுல முறையைச் சொல்லுவார்கள். வித்தை கற்க வந்தவன் கூலி கேட்கலாமா, மகாவித்வானின் வீட்டில் தண்ணீர் சுமந்த சீடன் சம்பளம் வாங்கினானா என்பார்கள். குருகுலத்தில் எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேயே இந்த ஒப்புமையை மறுக்கிறேன். சீடனுக்குச் சோறும் துணியும் கொடுத்து, வருஷக்கணக்கில் எதிரே உட்காரவைத்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்த குரு, அந்தச் சீடனுடைய அன்றாட உழைப்பைப் பண்டமாக்கி அந்நியனுக்கு விற்றுப் பணம் வாங்கவில்லை. மூன்று மாதமும் ஒரே வண்டைச் செய்தவர் கற்றது வண்டு செய்யத்தான். அதை 500 டாலர் விருந்தின் அங்கமாக விற்றவர்கள், அந்த விற்பனையில் அவருக்குள்ள பங்கைக் கொடுப்பதே தர்மம்.

உணவு மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுச் சமையலறையில்தான் அந்த வேர் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து மாவைக் கரைத்து ஊற்றியவளுக்கும், நண்பகல் வெயிலில் அடுப்பு முன் நின்றவளுக்கும், இரவு எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்டு பாத்திரம் கழுவியவளுக்கும் நாம் ஒருநாளும் கூலி கணக்கிட்டதில்லை. ஆகவே சாப்பாட்டின் விலை என்றால் அரிசி, பருப்பு, காய், விறகு இவற்றின் விலை என்றே நம் மனக்கணக்கு பழகிவிட்டது. அந்தக் கணக்கோடுதான் ஹோட்டலுக்கும் போகிறோம். தோசை விலை ஐந்து ரூபாய் ஏறினால், இந்த மாவுக்கா என்று கேட்கிறோம். கூலியில்லாத கைகளைக் கொண்டே பிழைத்த அந்த ஐரோப்பிய உணவகங்களுக்கும் நம் அன்றாட நினைப்புக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை.

இத்தகைய இடங்களுக்கு மதிப்பெண் இடுகிறவர்களோ தட்டுக்கு அப்பால் பார்ப்பதில்லை. மோட்டார் டயர் வியாபாரிகளான மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் பிரயாணிகளுக்காக இலவசமாக வெளியிட்ட சிறு நூல், 1926-இல் நட்சத்திரம் வழங்கத் தொடங்கி, 1936-இல் அவற்றின் பொருளையும் வரையறுத்தது. ஒன்று என்றால் அந்த வகையில் நல்ல உணவகம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகலாம். மூன்று என்றால் அதற்கென்றே பிரயாணம் செய்யலாம். பெயரை வெளியிடாமல் வரும் பரிசோதகர்கள் பொருளின் தரம், பக்குவம், சமையற்காரரின் தனித்தன்மை, சுவைகளின் இசைவு, என்றும் மாறாத நேர்த்தி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். சுற்றுச்சூழலைப் பேணும் உணவகங்களுக்கென்று 2020-இல் பச்சை நட்சத்திரம் ஒன்றும் வந்தது. பாத்திரம் தேய்த்தவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கும் நட்சத்திரம் இன்னும் வரவில்லை. அது வரவேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

அப்படியானால் உண்பவருக்கு இத்தகைய விருந்து கொடுத்த பணத்துக்குத் தகுமா? கடன் வாங்காமல், பிள்ளைகளின் படிப்பைக் குறைக்காமல் கொடுக்கக்கூடியவர், சமையலை ஒரு கலையாக மதித்துச் சிரத்தையோடு உட்கார்ந்து உண்பாரானால், ஆயுளில் ஒரு முறை அப்படி உண்பது தகும் என்றே சொல்வேன். ஒரு காயின் உள்ளே இவ்வளவு சுவை ஒளிந்திருந்ததா என்ற ஆச்சரியம், வயிற்றுக்கு அப்பாற்பட்ட ஆனந்தம். மேஜைமேல் தொங்கும் சரவிளக்குக்கும், ஜன்னல்வழியே தெரியும் கடலுக்கும், அங்கே போனேன் என்று பிறருக்குக் காட்டும் படத்துக்கும் கொடுக்கிற பணம் வேறு சங்கதி, அது தகாது. நாட்டில் பசி இருக்கும்போது இது அடுக்குமா என்று கேட்பவர்களை மதிக்கிறேன். ஆனால் கல்யாணப் பந்தியில் பாதி இலை குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பேசாமல் வரும் நாம், ஒரு துளியும் வீணாகாத தட்டின்மேல் மட்டும் அந்தக் கேள்வியை வீசுவது சரியல்ல.

நியூயார்க்கில் 2021-இல் திறந்த செம்மா என்ற உணவகத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தைச் சேர்ந்த விஜய் குமார், வயற்காட்டு நத்தையைப் பிரட்டலாகவும் தோசையை மிளகாய்ப்பொடியோடும் அங்கே பரிமாறி, மறுவருஷமே மிஷ்லின் நட்சத்திரம் பெற்றார். 2025-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். நாற்று நட்டுவிட்டு வருபவர்கள் பொறுக்கி வந்து, வறுமைக்கு உண்டு, பிறரிடம் சொல்லக் கூசிய பண்டம் அந்த நத்தை. இந்தியச் சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிய நகரத்தில் அதற்கு உரிய விலையைச் சொல்லி, அந்த விலையை வாங்கியும் காட்டியதை, நட்சத்திரத்தைக் காட்டிலும் பெரிய காரியமாக நான் கருதுகிறேன்.

நம் ஊரிலும் நட்சத்திர ஹோட்டல்களின் சமையலறைகளில், கேட்டரிங் படிக்கிற மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சிக்கு நிற்கிறார்கள். வெங்காயம் உரிப்பதும், கொத்தமல்லி ஆய்வதும், விருந்து முடிந்து நள்ளிரவில் பாத்திரம் அடுக்குவதும் அவர்களே. பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது பஸ் செலவுக்கே போதாத சொற்ப உதவித்தொகை. பயிற்சிச் சான்றிதழ் கையில் வரும்வரை அவர்களால் வாய் திறக்க முடியாது. பில்லைக் கொடுக்கிற நாம் திறக்கலாம். மேஜை பதிவு செய்யும்போது சைவமா அசைவமா என்று அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள். உள்ளே நிற்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா என்று நாம் அவர்களைக் கேட்கலாம். உண்டு என்று சொல்லுகிற ஹோட்டல், அதற்காகச் சாப்பாட்டு விலையில் நூறு இருநூறு கூட்டி வாங்கினால், முகம் சுளிக்காமல் அதைக் கொடுக்க வேண்டும்.