டிராக்டர் இண்டிகேட்டருக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்?

போன தை அறுவடை முடிஞ்சு, வைக்கோல் ஏத்திக்கிட்டு சோழவந்தான் பக்கமிருந்து ராத்திரி ஏழரை மணிக்கு வந்துக்கிட்டிருந்தேன். பாதி வழியில வண்டி நின்னுபோச்சு. நாலு விளக்கும் மினுக்குற பட்டனை அமுக்கிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். பண்ணின அந்த நொடியே விளக்கெல்லாம் அணைஞ்சது எனக்குத் தெரியல. பின்னால வந்த பைக் தம்பி டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னாடி பிரேக் போட்டு, என் பரம்பரையையே திட்டினான். திட்டினது நியாயம்.

ஏன் அணைஞ்சது? எல்.இ.டி. விளக்கு மாட்டினப்ப, கடைக்காரர் பேச்சைக் கேட்டு மைக்ரோகண்ட்ரோலர் வெச்ச பிளாஷர் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தேன். அந்த சிப்புக்கு 5 வோல்ட் வேணும். அதைக் கொடுக்குற 7805 ரெகுலேட்டருக்கு, உள்ள சுமார் 7 வோல்ட்டாவது வரணும். ஸ்டார்ட்டர் இழுக்குறப்ப பழைய பேட்டரி அதுக்கும் கீழ இறங்கிடும். சிப் ரீசெட் ஆகி, பட்டன் அமுக்கினதையே மறந்துடும். அவ்வளவுதான் விஷயம்.

பழைய தகர டப்பா பிளாஷரும் எல்.இ.டி.க்கு ஆகாது. அது பல்பு இழுக்குற கரண்ட்டுல சூடாகி மினுக்குறது, எல்.இ.டி. இழுக்குற கரண்ட் அதுக்குப் பத்தாது.

இதுக்கு 555 ஐசி போதும். 1971-ல ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைச்சது. 4.5 வோல்ட்டுல இருந்து 16 வோல்ட் வரைக்கும் ஓடும். 10 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர். நிமிஷத்துக்கு 83 தடவை மினுக்கும். இண்டிகேட்டர் 60-லிருந்து 120-க்குள்ள மினுக்கணும், கணக்கு சரி. விளக்குக்கு ஒரு ரிலே. பட்டனுக்குப் பதிலா சாதா சுவிட்ச். சுவிட்ச் போட்டா போட்டபடி நிக்கும், எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை.

இன்ஜினியரிங் படிக்கிற என் மருமகன் விடல. "மாமா, நல்ல ரெகுலேட்டர் போட்டு, பட்டன் நிலையை மெமரியில எழுதிட்டா மறக்காது." சரிதான் மாப்ள. ஆனா அது கெட்டுப்போனா வாடிப்பட்டியில யாரு புரோகிராம் ஏத்துறது? நான் வாங்கின டப்பாவுல பிசின் ஊத்தி அடைச்சிருந்தான். "மொத்தமா மாத்துங்க"ன்னு ஒரே பதில். 555-ஐ ரேடியோ ரிப்பேர் பாக்குற யாரும் சால்டர் பண்ணி மாத்திடுவாங்க.

555-க்கும் ஆபத்து இல்லாம இல்ல. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்றப்ப பேட்டரி வயர் கழண்டா வோல்டேஜ் பல மடங்கு எகிறும்; எந்த சிப்பும் தாங்காது. அதுக்குத்தான் டிவிஎஸ் டயோடு. நம்ம மதுரை டிவிஎஸ் இல்லங்க, அது 1911-ல சுந்தரம் ஐயங்கார் ஆரம்பிச்ச கம்பெனி. இது வோல்டேஜ் எகிறினா தான் வாங்கி அமுக்குற டயோடு. எந்த சர்க்யூட் போட்டாலும் இது இல்லாம போடாதீங்க.

மைக்ரோகண்ட்ரோலர் வேண்டாம்னு நான் சொல்லல. பெட்ரோல் அளந்து ஊத்தணும், பிரேக் பூட்டாம பாக்கணும்னா நொடிக்கு நொடி கணக்குப் போடணும்; அதுக்கு அது வேணும். மினுக்கி மினுக்கி அணையுற வேலைக்கு எதுக்கு?

படிக்கிற பிள்ளைகளே, புது சாமான் செய்யுங்க. செய்யுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க: ராத்திரி ரோட்டுல இது நின்னுபோனா, எங்க ஊர் ஆளு சரி பண்ணிடுவானா?