சாலையோர மரங்களும் ‘ஆபத்து’ என்னும் தீர்ப்பும்

குடியிருப்புகளை ஒட்டிய பொது இடங்களில் நிற்கும் பெருமரங்களை முன்னெச்சரிக்கையாக வெட்டிவிட வேண்டும் என்ற கோரிக்கை, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையில் எழுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்ததே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. உயிர்ச்சேதம் குறித்த அச்சம் முற்றிலும் நியாயமானது; ஆயினும், மரம் ஏன் விழுகிறது என்பதை ஆராயாமலே அந்த அச்சத்திலிருந்து வெட்டும் முடிவுக்குத் தாவுவது பிழையாகும்.

வயதும் உருவமும் மிகுந்த மரமே ஆபத்தானது என்பது அக்கோரிக்கையின் முதல் வாதம். மர ஆபத்து என்பது, மரமோ கிளையோ முறிவதற்கான வாய்ப்பு, முறிந்தது ஆள்மீதோ கட்டடத்தின்மீதோ விழுவதற்கான வாய்ப்பு, விழுந்தால் நேரும் சேதம் ஆகிய மூன்றையும் சேர்த்து மதிப்பிடப்படுவது. உருவம் சேதத்தின் அளவைக் கூட்டுமே தவிர, முறியும் வாய்ப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வேரின் நிலையும் தண்டின் நிலையுமே. பெரும்பாலான வேர்கள் ஆழத்தில் இறங்காமல், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைப்பரப்பையும் கடந்து பக்கவாட்டில் படர்கின்றன. மழைநீர் வடிகாலுக்கோ மின்கம்பிக்கோ அடிமரத்தை ஒட்டிப் பொக்லைன் கொண்டு பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்துத் தாங்குவேர்கள் மொத்தமாக அறுபடுகின்றன. பிறகு போடப்படும் கான்கிரீட் அந்தக் காயத்தை மூடி மறைத்துவிட, இலைகளோ சில ஆண்டுகள் பசுமையாகவே இருக்கின்றன. அடுத்த புயலில் அம்மரம் சாயும்போது பழி மரத்தின்மீது விழுகிறதே ஒழிய, பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரரை எவரும் கேட்பதில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே டெல்லி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது.

சாய்ந்து நிற்கும் மரம் விழப்போகும் மரம் என்பது இரண்டாவது வாதம். வெளிச்சத்தைத் தேடி இளமையிலிருந்தே சாய்ந்து வளர்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்திருக்கும் மரம், அச்சாய்வுக்கு ஏற்பத் தன் தண்டையும் வேரையும் தடிக்கச் செய்திருக்கும். அண்மையில் ஏற்பட்ட சாய்வோ வேறு வகை: சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் மேடிட்டு வெடித்திருக்கும், அவ்வெடிப்பில் அறுந்த வேர்முனைகள் தென்படும். சாய்வு இல்லாத மரத்திலும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு: தென்னையில் அடித்தண்டழுகலை உண்டாக்கும் கானோடெர்மா பூஞ்சையின் தட்டுக்காளான் சாலையோர மரத்தின் அடியில் முளைத்திருந்தால், அது உள்ளழுகலின் அடையாளம். மரச்சுத்தியலால் தட்டினால் எழும் பொள்ளலான ஓசை, நுட்பமான சோதனை தேவை என்பதைக் காட்டும்.

வெட்டாவிட்டாலும் மொட்டையடித்துவிடலாம் என்பது சமரசம்போல் தோன்றினாலும், மூன்று வாதங்களுள் இதுவே மிகக் கேடானது. மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகல் பரவாதபடி அதைச் சுவரெழுப்பி அடைத்துவைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். பெருங்கிளைகளைக் குறுக்கே அறுக்கும்போது அடைக்க முடியாத அளவுக்குக் காயம் பெரிதாகி அழுகல் உள்ளிறங்க, அவ்விடத்தில் கொத்தாக வெடித்துக் கிளம்பும் புதுக்கிளைகள் தாய்க்கிளையின் வெளியடுக்கில் மட்டுமே பற்றியிருப்பதால், சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழுகின்றன.

ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்ற உறுதிமொழிக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை: முதிர்ந்த வேம்பின் நிழலை அக்கன்றுகள் எட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும்.

இம்மறுப்பு எந்த மரத்தையும் தொடக்கூடாது என்னும் நிலைப்பாடு அன்று. வேரடி மண் வெடித்து, வீட்டுப் பக்கமாகப் புதிதாகச் சாய்ந்துள்ள மரத்தை, கோப்புகள் நகரும்வரை காத்திராமல் உடனே அகற்றுவதே கடமை. எனவே குடியிருப்போர் நலச்சங்கங்கள் மாநகராட்சிக்கு அளிக்கும் மனுவில் ‘மரத்தை வெட்டுக’ என்பதற்கு மாறாக, மரத்தைப் பயிற்சி பெற்றவர் ஆய்ந்து எழுத்தில் அறிக்கை தரவேண்டும் என்றும், வேரடியில் பள்ளம் தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அதையும் மழைக்கு முன்பே, கோடையிலேயே கேட்க வேண்டும்.