காபி எத்தனை மணிக்கு?

அத்தைக்கு வயது 84. "எனக்கு ஒரு சீக்கும் கிடையாது, எழுந்திருக்கத்தான் முடியலை" என்பார். கட்டிலிலிருந்து எழுப்ப ஓர் ஆள், குளிப்பாட்ட ஓர் ஆள், கொசுவம் செருக ஓர் ஆள். மூன்று ஆளும் ஒரே ஆள்தான். என் மனைவி. அவளுக்கே 61 முடிந்து, முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்திருந்தன.

ஒரு நாள் பாத்ரூமில் அத்தையைத் தூக்கப் போய் இரண்டு பேருமாக உட்கார்ந்துவிட்டார்கள். தூக்கிவிட நான் போனேன். மூன்று பேருமாக உட்கார்ந்தோம். நல்லவேளை, பால்காரர் வந்தார்.

அன்று சாயங்காலம் அத்தையே ஆரம்பித்தார். "டேய், ஏதாவது நல்ல இடமாப் பாரு."

என்னை வளர்த்துப் படிக்க வைத்த அத்தை. "பார்க்கிறேன்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

சிட்னி கட்ஸ் என்கிற அமெரிக்க டாக்டர் 1963-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து நகர்வது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எத்தனை உங்களால் தனியாக முடியும் என்பதுதான் கணக்கு. உலகம் பூராவும் முதியோருக்கு எவ்வளவு துணை தேவை என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அத்தைக்கு ஆறுக்கு இரண்டு. "அந்தக் கணக்குப் பரீட்சையில நீ வாங்கினதைவிட ஜாஸ்திதான்" என்றார்.

முதலில் பார்த்தது நாலு மாடி. லிஃப்ட், கிரானைட், வாசலில் செயற்கை நீரூற்று. நான் ஒரு தாளில் பன்னிரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ராத்திரி ஆள் உண்டா? "ட்வென்டி ஃபோர் அவர்ஸ் சார்." டாக்டர்? "ட்வென்டி ஃபோர் அவர்ஸ் சார்." லிஃப்ட் வேலை செய்யுமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

அத்தை ஒரே கேள்விதான் கேட்டார். "எனக்கு நாலரைக்கே முழிப்பு வந்துடும். காபி எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கும்மா. எல்லாருக்கும் ஒரே டைம்."

காரில் ஏறியதும், "ஹாஸ்டல்ல சேர்றதுக்கு இந்த வயசு சரிப்படாதுடா" என்றார்.

நம் சட்டமும் பெரிசாகத்தான் யோசிக்கிறது. 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம், ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும்படி, என்றிருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 150 இலை விழுகிற இடத்தை நாம் கல்யாண மண்டபம் என்போம், வீடு என்போமா? அமெரிக்காவில் பில் தாமஸ் என்ற டாக்டரின் யோசனைப்படி 2003-ல் டுபெலோ என்ற ஊரில் பத்துப் பேருக்கு ஒரு வீடு என்று கட்டினார்கள். அவரவருக்குத் தனி அறை, நடுவில் சமையலறை, எல்லாரும் உட்கார ஒரே நீள மேஜை.

தாம்பரம் தாண்டி ஒரு தெருவில் அப்படி ஒன்று அகப்பட்டது. போர்டுகூடப் பெரிசாக இல்லை. சாதாரண வீடு, ஏழு பெரியவர்கள். (இந்த மாதிரி இடங்களில் முதலில் மூக்கை உபயோகியுங்கள். ஃபினாயில் நெடி மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். இங்கே ரசம் கொதிக்கிற வாசனை வந்தது.) கூடத்தில் ஒரு பாட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாத்ரூமில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, தரை சொரசொரப்பு. படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தாவைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்து, நேரத்தை நோட்டில் எழுதியிருந்தார்கள்.

அத்தை தன் கேள்வியைக் கேட்டார்.

சமையலறையிலிருந்த பெண் சிரித்தாள். "ராத்திரியே டிகாக்ஷன் இறக்கி வெச்சிடுவோம்மா. தாத்தாவைப் புரட்டிவிடணுமே, ரெண்டு பேர் முழிச்சுட்டுதான் இருப்போம். நீங்க ஒரு குரல் கொடுங்க, போட்டுத் தர்றோம்."

என் பன்னிரண்டு கேள்விக்கும் கிடைக்காத பதில் அதில் இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டோம். எதிர்வீட்டுக்காரர், "அத்தையை ஹோம்ல விட்டுட்டீங்களாமே" என்றார், நான் நாய்க்குட்டியைக் குப்பைத்தொட்டியோரம் விட்டு வந்த மாதிரி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் என் மனைவி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஆறு மணி வரை தூங்கினாள். இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

எழுந்ததும் போன் செய்தேன். அத்தையே பேசினார்.

"ரெண்டு காபி ஆச்சு. சிக்கரி ஜாஸ்தி. வர்றப்போ என் பித்தளை ஃபில்டரை எடுத்துட்டு வா."

மனைவியிடம் சொன்னேன். "அதைக் கொடுத்தனுப்பிட்டா, அத்தை இனிமே இங்கே வரமாட்டாங்கன்னு ஆயிடுமேங்க" என்றாள்.

ஃபில்டரைப் புளி போட்டுத் துலக்கி, மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இன்னும் பையில் வைக்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.