ஏரிக்கரை வேடிக்கை

"யானை வந்திருக்கிறது, பார்க்க வருகிறீர்களா?" என்று ஓசூர் நண்பர் ஒருவர் மார்கழியில் அழைத்தார். யானை என்றால் யாருக்குத்தான் ஆசை இராது? விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சானமாவுக் காட்டை ஒட்டிய ஓர் ஏரிக்கரை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. முதலில் யானை தெரியவில்லை, ஜனங்கள்தாம் தெரிந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. மோட்டார் சைக்கிள்கள், கார்கள், தோளில் குழந்தைகள், ஒரு டீக்காரர் கூட! பனி விலகியதும் தண்ணீருக்கு அப்பால் கரும்பாறைகளைப்போல் யானைகள் நின்றன. நடுவே ஒரு குட்டி. மெய்ம்மறந்துதான் போனேன், பொய் சொல்வானேன்? ஆனால் அது அரை நிமிஷந்தான். ஒரு விசில், ஒரு கூச்சல். பிறகு ஓர் இளைஞர் கல்லை எடுத்து வீசினார். யானை இந்தப் பக்கம் திரும்பினால் செல்போனில் படம் நன்றாக வருமாம்.

இதற்குக் 'காட்டுயிர் ரசனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பார்த்தால்தானே விலங்குகளிடம் அன்பு வரும் என்று கேட்கிறார்கள். கல்லெறிவதைப் பார்த்த குழந்தைக்கு என்ன வரும், ஐயா?

விடியற்காலை என்பது யானைக்கு எந்த நேரம் என்று இவர்கள் யோசித்ததுண்டா? ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இந்தப் பக்கம் வருகின்றன. பகலில் காட்டில் ஒதுங்கி நிற்கும். இருட்டியதும் வயலுக்கு வரும். பொழுது விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பிவிடும். சானமாவோ வயல்களுக்கும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட சின்னக் காடு. யானை வீடு திரும்பும் அந்த ஒரு மணி நேரத்தில், வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நாம் நிற்கிறோம்! அது எங்கே போகும்? பகலெல்லாம் ஏரியிலும் புதரிலும் மாட்டிக்கொண்டு தவிக்கும். குட்டி வைத்திருக்கிற தாய்க்கு எல்லா மனிதனும் விரோதியாகத்தான் தெரிவான். மிரண்ட கூட்டம் சிதறும். தனியாகப் பிரிந்த யானை எந்தத் திக்கில் போகும் என்று வனத்துறைக் காவலர்களாலும் சொல்ல முடியாது. மறுநாள் விடியுமுன் கொல்லைப் பக்கம் போகிற ஒரு கிழவர் அதன் எதிரே அகப்படுகிறார். 'யானை அட்டகாசம்' என்று பத்திரிகை தலைப்புப் போடுகிறது. அட்டகாசம் யாருடையது?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1992-இல் யானைத் திட்டம் வந்தது. 2010-இல் யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்கு என்றார்கள். 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் வந்தது. 2022-இல் காவிரி தெற்கும். எல்லாம் சரி. மார்கழி விடியலில் ஓர் ஏரிக்கரையை மூன்று மணி நேரம் ஆள் நடமாட்டமில்லாமல் வைத்திருக்க மட்டும் நம்மால் ஆகாதா? தொழிற்பேட்டையில் 'அனுமதியின்றி உள்ளே வராதே' என்று பலகை இருந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறோம். வேடிக்கை பார்க்கும் ஆசை தவறென்று நான் சொல்லவில்லை. தூரத்தில், காற்றுக்கு எதிர்ப்புறமாக, வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும். யானைக்குத் தூரப் பார்வை மட்டு. மூக்குத்தான் அதற்குக் கண். இருநூறு பேரின் வாடை அதற்கு இருநூறு ஈட்டி.

கரையிலிருந்து இறங்கும்போது ஒரு ராகிக் காட்டைப் பார்த்தேன். கட்டிவைத்த கதிர்க் கட்டுகளெல்லாம் சேற்றோடு சேறாகக் கிடந்தன. பக்கத்தில் பரணிலிருந்து இறங்கிய விவசாயி, இரவெல்லாம் விழித்த கண்ணோடு எங்களைப் பார்த்தார்.

"ஆச்சா சாமி, பாத்தாச்சா?" என்றார். "நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க. அதுங்களை வெரட்டி வெரட்டிக் கோபம் மூட்டிட்டுப் போறீங்களே, ராத்திரிக்கு நான் இல்லே அதுங்க மூஞ்சியிலே முழிக்கணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தானே.

இந்த வருஷமும் நண்பர் அழைத்தார். அந்த விவசாயியின் பரணில் ஓர் இரவு முழுக்க என்னோடு உட்காரச் சம்மதமானால் வருகிறேன் என்றேன். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார்.